ஒரு விரற்கடை இடம்

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்கு நாலு தெரு தள்ளி, சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் பதினாறு வீடுகளில் ஒன்பதாவது வீட்டின் உள்நடை நீள ஆரம்பித்தது, அந்த வீட்டு ஜெசிந்தா தன்னுடைய கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியை முழங்காலால் அமுக்கி மூடிய செவ்வாய்க்கிழமை காலையில்தான் என்று இப்போது எல்லோரும் நேரில் பார்த்த மாதிரிச் சொல்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை, பார்த்திருந்தாலும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள், ஏனென்றால் கடல் ஒரு வருஷம் உள்ளே வருவதையும் ஒரு வருஷம் வெளியே போவதையும் பார்த்துப் பார்த்து, எது வந்தாலும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்துவிடும் தெரு அது. பயந்தவள் ஜெசிந்தா ஒருத்திதான்.

ஜெசிந்தா கடலுக்கு அடியில் இருக்கும் தரையை அளப்பவள். பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் வருவதற்கு முன்னால் எங்கே மணல் மேடு, எங்கே பள்ளம், எங்கே முங்கிப்போன படகு கிடக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்காக ஒரு படகில் கருவியைக் கட்டி, தண்ணீருக்குள் சத்தத்தை அனுப்பி, அது தரையில் முட்டித் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, அந்த நேரத்தைப் பாதியாக்கி ஆழத்தைக் கண்டுபிடிப்பார்கள். அப்படிச் சேரும் கோடிக்கணக்கான புள்ளிகளைக் கோத்துப் படமாக்குவது அவள் வேலை, அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்று கம்பெனிக்காரர்களே சொல்வார்கள், லீவு கேட்கும்போது மட்டும் அதை மறந்துவிடுவார்கள். மாதத்தில் இருபது நாள் காண்ட்லா, பாரதீப், விசாகப்பட்டினம் என்று இரண்டு மூன்று பயணமாக அலைந்துவிட்டு, மிச்ச நாளில் ஐஸ் பேக்டரியில் ஆபரேட்டராக இருக்கும் கணவன் அலோசியஸுக்கும், எட்டு வயது மகள் அமலிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவாள்.

அவள் கொண்டுபோன இரண்டு லேப்டாப்பும் படகு வெக்கையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணை மூடின. மேஜைமேல் வைக்கும் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றுதான் அந்தப் புள்ளிக் கூட்டத்தைத் தாங்கும், ஆனால் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிய முடியாது. ஒரு தடவை அப்படிக் கொண்டுபோய், விமானத்தில் சாமான்களோடு போட்டதில் உள்ளே இருந்த ஃபேனெல்லாம் கழன்று, பாரதீப்பில் பெட்டியைத் திறந்தபோது கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் கேட்டது. ஆகவே அதே பலமுள்ள கம்ப்யூட்டரை, விமானத்தில் தலைக்கு மேலே வைக்கும் பைக்குள் அடங்கும்படி, ஏழு கிலோவைத் தாண்டாமல், ஒரு ரொட்டிப் பெட்டி அளவுக்குக் கட்டிவிடுவது என்று முடிவு செய்து, மார்க்கெட் பக்கம் மாடியில் இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் கோத்துக் கொடுக்கும் முகைதீனிடம் போனாள்.

ஐந்து வாரம் இருவரும் மாய்ந்து மாய்ந்து கட்டினார்கள். உள்ளங்கை அளவு மதர்போர்டு வந்தது, குட்டையான கிராபிக்ஸ் கார்டு வந்தது, அலுமினியத் தகட்டை வெட்டி மடித்துப் பெட்டி செய்தார்கள், ஒயர்களை நூல் அளவுக்கு அளந்து நறுக்கினார்கள், அவசியமில்லாத திருகாணி ஒவ்வொன்றையும் கழற்றி எறிந்தார்கள், உப்புக்காற்று உள்ளே போய்த் துரு ஏறாமல் இருக்க ஓட்டைகளுக்கெல்லாம் சல்லடைத் துணி ஒட்டினார்கள். முகைதீனுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கம்ப்யூட்டராக இருந்தாலும், மூடியைப் போடுவதற்கு முன்னால், தன் ஆள்காட்டி விரலை உள்ளே ஒரு மூலையில் விட்டுப் பார்ப்பார். விரல் தாராளமாகப் போய்வர இடமிருந்தால்தான் மூடியை மாட்டுவார், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பிரித்துவிடுவார். ஜெசிந்தாவின் பெட்டியிலும் அப்படி ஒரு விரற்கடை இடம் விட்டுத்தான் கொடுத்தார். "முழுசா அடைச்ச பெட்டிக்கு நான் பொறுப்பு இல்லக்கா" என்றார், காற்றுக்காகத்தான் அந்த இடம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

புறப்படுகிற அன்று கம்பெனியிலிருந்து செய்தி வந்தது, அளந்ததையெல்லாம் இனிமேல் இரண்டு பிரதியாக, இரண்டு தனித்தனி டிஸ்க்கில் வைத்திருக்க வேண்டுமாம். இரண்டாவது டிஸ்க்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது, ஆனால் ஐந்து வாரமாக இடத்தைப் பிடித்துப் பிடித்துப் பழகிய புத்திக்கு, பெட்டிக்குள் ஒரு விரற்கடை சும்மா கிடப்பது கண்ணை உறுத்தியது. டிஸ்க்கை அந்த மூலையில் செருகினாள், அதன் ஒயரை மடித்துத் திணித்தாள், மூடி ஒரு மயிரிழை ஏறவில்லை, முழங்காலை வைத்து ஓர் அமுக்கு அமுக்கினாள். மூடி உட்கார்ந்தது. அடுப்படியில் ஒரு தட்டு தானாக விழுந்தது, பூனையாக இருக்கும் என்றான் அலோசியஸ்.

பத்து நாள் கழித்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே "அமலி" என்று கூப்பிட்டாள். சத்தத்தைப் போகவிட்டு வருவதை எண்ணிப் பிழைக்கிறவளுக்கு எண்ணாமல் இருக்க முடியாது. பதில் ஒரு கால் நொடி பிந்தி வந்தது. முன்னறையிலிருந்து அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் போகும் உள்நடை, அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காலால் அளந்தால் ஏழே எட்டாக இருந்தது, இப்போது நாற்பது எட்டாக இருந்தது. அலோசியஸிடம் சொன்னபோது, ஆமாம், தனக்கும் குழம்பு சூடு ஆறிப்போகிற மாதிரித் தோன்றியது என்றான். அமலியின் உயரத்தை வருஷா வருஷம் பென்சிலால் குறித்து வைத்திருந்த நிலைக்காலில், அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில், ஜெசிந்தா 'கால் நொடி' என்று எழுதி வைத்தாள்.

அடுத்த பயணம் முடிந்து வந்தபோது பதிலுக்கு இரண்டு நொடி ஆனது. அதற்கடுத்த முறை ஒன்பது நொடி. வெளியே இருந்து பார்த்தால் அதே வீடுதான், பின்சுவர் பழைய ஐஸ் கிடங்கின் சுவரோடு ஜன்னல் இல்லாமல் ஒட்டிக்கொண்டு அதே இடத்தில் இருந்தது. கிடங்குப் பக்கமிருந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு அந்தத் தட்டல் கேட்கவே இல்லை. அலோசியஸ் பத்து எட்டுக்கு ஒரு டியூப்லைட் மாட்டினான், பிறகு ஐம்பது எட்டுக்கு ஒன்று மாட்டினான், பிறகு ஒரு சைக்கிள் எடுத்தான், காலையில் அமலியைப் பின்னால் உட்காரவைத்து வாசலுக்கு மிதித்து வந்து, அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினான்.

தெரு முதலில் எட்டிப் பார்த்தது, அப்புறம் உள்ளே வந்தது. சர்க்கரை வியாதிக்காக டாக்டர் நடக்கச் சொன்னவர்கள், லாரிக்குப் பயந்து ரோட்டில் நடக்க முடியாமல் இருந்தவர்கள், காலை ஆறு மணிக்குச் செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கையை வீசி வீசி உள்நடையில் நடக்க ஆரம்பித்தார்கள். ஐப்பசி மழை பிடித்ததும் அடுத்த வீட்டுப் பிலோமினாள் அக்கா, ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான், இரண்டு பக்கச் சுவரிலும் கயிறு கட்டிக் கருவாடு காயப்போட்டாள். நடந்து களைத்தவர்களுக்காக ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒருவர் பெஞ்சும் பாய்லரும் போட்டு டீ விற்றார். மழைக்காலச் செபமாலைப் பவனியை இனி உள்நடையிலேயே வைத்துக்கொள்ளலாம், குடை வேண்டாம், மைக் வேண்டாம் என்று பங்குச்சாமியார் மகிழ்ந்தார், ஏனென்றால் அந்த உள்நடையில் குரல் இளைக்குமே தவிர அறுந்துபோகாது, எவ்வளவு தூரமானாலும் போய்ச் சேரும். பதிமூன்றாவது வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரே வரிசையில் எண்ணூறு இலை போட்டு ஒரே பந்தியாகப் பரிமாறுவது என்று பேச்சு முடிந்து, பத்திரிகையிலும் இடம் அச்சாகிவிட்டது. மதுரையில் இப்படி ஒரு வீடு உண்டா, சென்னையில்தான் உண்டா என்று கேட்டுக் கேட்டு, கேட்கிறவர்களுக்கே கொஞ்சம் மீசை முறுக்கிக்கொண்டது.

ஜெசிந்தாவுக்குப் பயம் எப்போதும் இருக்கிற ஒன்றாக ஆகிவிட்டது. பிலோமினாள் அக்காவிடம் சொன்னாள். அக்கா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "ஏட்டி, ஊர்ல அவனவன் காலு நீட்ட எடமில்லாம கெடக்கான். ஒனக்கு ஆண்டவரு அள்ளிக் குடுக்காரு. நீ போயி பயப்படுதியே" என்றாள். அலோசியஸிடம் அழுதாள். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள், சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், வீட்டைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா என்று அவன் தலையைத் தடவிக்கொடுத்தான். அவன் நல்ல மனுஷன், எது நடந்தாலும் அது எப்போதும் அப்படித்தான் இருந்தது என்று இரண்டு நாளில் நம்பிவிடுவான்.

அவள் சும்மா இருக்கவில்லை. அமலியின் கட்டிலைத் தூக்கி முன்னறையில், வாசலை ஒட்டிப் போட்டுவிட்டு விசாகப்பட்டினம் போனாள். திரும்பி வந்தபோது பழைய உள்நடை ஏழு எட்டாகச் சுருங்கியிருக்க, முன்னறையே மைதானமாக நீண்டு, கட்டில் அதன் கடைசியில் புள்ளியாகத் தெரிந்தது. பாளையங்கோட்டையில் இருக்கும் நாத்தனார் வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள். பத்தாம் நாள் நாத்தனார் போன் செய்து, மதினி, எங்கள் வீட்டு நடையும் நீண்டுவிட்டது, இரண்டு குடித்தனம் வைக்கலாம் போலிருக்கிறது, பிள்ளை இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்றாள். நீள்வது வீடு இல்லை, அமலி படுக்கும் இடத்துக்கும் தனக்கும் நடுவில் உள்ள தூரம் என்று ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பிள்ளையைக் கூட்டிவந்து பழைய படுக்கையறையிலேயே விட்டாள், இருந்த தூரமெல்லாம் பின்னாலேயே வந்து மறுபடியும் உள்நடையில் உட்கார்ந்துகொண்டது.

எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது போன். ஆரம்பத்தில் பாரதீப்பிலிருந்து சாப்பிட்டாயா என்று கேட்டால் உடனே பதில் வந்தது. பிறகு கேட்டுவிட்டுப் பத்து எண்ண வேண்டியிருந்தது. பிறகு காலையில் கேட்ட கேள்விக்கு மாலையில், அவள் படகில் நின்றுகொண்டிருக்கும்போது, போனை எடுத்தால் "சாப்ட்டேம்மா" என்று மட்டும் ஒரு குரல் வந்து நின்றது. கடைசியாகப் போன பயணத்தில், காய்ச்சல் இருக்கிறதா என்று திங்கட்கிழமை கேட்டாள். செவ்வாய் முழுக்கப் பதில் வரவில்லை. புதன்கிழமை மத்தியானம் "இல்ல" என்று வந்தது, அது எந்தக் கேள்விக்கு என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அன்றைக்கே வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் புறப்பட்டாள்.

வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல், பையோடு முகைதீனின் மாடிக்குத்தான் ஏறினாள். அவர் பெட்டியின் பக்கவாட்டு ஓட்டை வழியாக டார்ச் அடித்து, தான் விட்டிருந்த மூலையைப் பார்த்தார். அவர் திட்டவில்லை, அதுதான் அவளுக்குக் கலக்கமாக இருந்தது.

"எடத்த நீங்க வெளிய தள்ளிட்டிய. தள்ளுன எடம் எங்கயாவது போயித்தான ஆவணும்" என்றார். டிஸ்க்கை எடுத்துவிட்டால் வந்த வழியே திரும்பி உள்ளே வந்துவிடும் என்றார், ஆனால் பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் வரும், வரும்போது நடுவில் நிற்கிறவர்கள் என்ன ஆவார்கள் என்று தனக்குத் தெரியாது என்றார். மூடியைத் தொடப்போன அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "இங்க வேண்டாம்க்கா. பிள்ள பெட்டிக்குப் பக்கத்துல நிக்கணும். வேற யாரும் உள்ள நிக்கக் கூடாது." சொல்லிவிட்டு, தன் ஸ்க்ரூடிரைவரையே எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் தெருவுக்கு வந்தபோது காலை எட்டு மணி. உள்நடையில் நடக்கிறவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள், டீ பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இனிப் பிள்ளையால் பள்ளிக்கூடத்துக்கு வர முடியாதென்று சைக்கிளை அமலியின் டீச்சருக்குக் கொடுத்துவிட்டதாகவும், அந்த அம்மாள் போய்ப் பாடம் நடத்திவிட்டு முந்தாநாள் திரும்பியதாகவும், அலோசியஸ் லீவு போட்டுவிட்டு அந்தக் கோடியிலேயே பிள்ளையோடு இருப்பதாகவும் சொன்னார்கள். எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள், இதை மூடப்போகிறேன் என்று ஜெசிந்தா கேட்டாள். முதலில் சிரித்தார்கள். பிறகு பேச்சு தடித்தது. நடக்கிறவர்களுக்கு டாக்டர் இன்னும் மூன்று மாதம் சொல்லியிருந்தார், பிலோமினாள் அக்காவுக்கு நெத்திலி பாதிதான் காய்ந்திருந்தது, கல்யாண வீட்டார் ஞாயிறு வரைக்கும் பொறுக்கக் கூடாதா என்று கெஞ்சினார்கள், இத்தனை பேருக்குப் பயன்படுகிற ஒன்றை ஒருத்தியின் பயத்துக்காக மூடுவது என்ன நியாயம் என்று டீக்காரர் கேட்டார். கேட்டது நியாயமாகத்தான் இருந்தது.

அவள் வாசற்படியில் ஏறி நின்று, உள்நடையைப் பார்த்து, "அமலி" என்று கூப்பிட்டாள்.

பிறகு எண்ண ஆரம்பித்தாள், வாய்விட்டு எண்ணினாள். பத்து, இருபது என்று போனபோது யாரோ இருமினார்கள். அறுபதில் தோரணம் கட்டுகிறவர்கள் ஏணியில் நின்றபடியே திரும்பினார்கள். நூற்றைத் தாண்டியபோது பிலோமினாள் அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். நூற்றைம்பதில் ஒரு குழந்தை ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்க, அதன் தாய் அதைத் தூக்கி இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். அங்கே நின்றவர்கள் எல்லோரும் பிள்ளை பெற்றவர்கள், கூப்பிட்டுப் பழகியவர்கள், கூப்பிட்ட குரல் போய்க்கொண்டே இருப்பதை இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் நின்று கேட்டார்கள். இருநூறைத் தாண்டும்போது அந்தத் தெருவில் பயப்படாதவர் ஒருவரும் மிச்சமில்லை. இருநூற்று நாற்பதில், கொசு ரீங்காரம் போல இளைத்து, "அம்மா" என்று வந்தது.

பாதி நூற்றிருபது நொடி. காற்றில் சத்தம் மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் போகும். நாற்பது கிலோமீட்டர், கிட்டத்தட்ட திருநெல்வேலி தூரம் என்று ஜெசிந்தா நிலைக்காலில் எழுதினாள். கயிறுகள் அவிழ்ந்தன, கருவாடு கூடைக்குப் போனது, டீக்காரர் பாய்லரை அணைத்துத் தோளில் தூக்கிக்கொண்டார், பெஞ்சு கனமென்று விட்டுவிட்டார், கடைசி ஆள் வரை வெளியே வந்ததைப் பிலோமினாள் அக்கா வாசலில் நின்று தலை எண்ணிச் சொன்னாள். டீச்சர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஜெசிந்தாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆறு கிலோ தொள்ளாயிரம் எடையுள்ள பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு அவள் நடக்க ஆரம்பித்தாள், எல்லோரும் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு பார்த்தார்கள், உள்ளே ஒரு காலை வைக்கவும் யாருக்கும் துணிவில்லை.

நடந்தாள். தோரணம் முடிந்தது, டீக்கடை பெஞ்சு வந்தது, கல்யாணத்துக்கு அளந்து போட்ட சுண்ணாம்புக் கோடு வந்து முடிந்தது, அவள் கல்யாணத்துக்கு அடித்த பச்சைச் சுண்ணாம்பே இரண்டு பக்கமும் சலிக்காமல் கூடவே வந்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நின்று கூப்பிட்டு, எண்ணிவிட்டு, மறுபடியும் நடந்தாள். அவள் போகப் போகத் தூரம் குறைய வேண்டும், குறைந்தது. ஆனால் மத்தியானத்துக்குள் அவள் நடந்தது பன்னிரண்டு கிலோமீட்டர், அந்தக் கணக்குக்கு அமலியின் பதில் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான நேரத்தில் வந்திருக்க வேண்டும், இரண்டே நிமிடத்தில் வந்தது. மறுபடியும் கூப்பிட்டுப் பார்த்தாள், அதேதான். கருவி பொய் சொல்லலாம், எண்ணிக்கை பொய் சொல்லாது. அவளுக்கு எதிரே இருந்த தூரத்தில் எட்டு கிலோமீட்டரை அவள் நடக்கவில்லை, வேறு எதுவோ நடந்திருந்தது.

ஏதோ ஒன்று இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. அது அமலியின் குரலில் பதில் சொல்லிக்கொண்டு வந்தது. திரும்பி ஓடிவிடலாமா என்று உடம்பு கேட்டது, ஓடினால் தூரம் இன்னும் கூடும் என்று புத்தி சொன்னது. டியூப்லைட் வரிசை மங்கி, ஐம்பது எட்டுக்கு ஒன்று, நூறு எட்டுக்கு ஒன்று என்று குறைந்து, அலோசியஸ் ஒயர் தீர்ந்து நிறுத்திய இடத்தில் முடிந்தது; அதற்கப்புறம் செல்போன் வெளிச்சம்தான். கூப்பிடாமலேயே நடந்தாள், கூப்பிட்டால் மிகச் சீக்கிரம் பதில் வந்துவிடுமோ என்று பயந்தாள். கடைசியில் தாங்க முடியாமல், மெல்ல, பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிடுவது போல, "அமலி" என்றாள்.

எண்ண நேரமே இருக்கவில்லை.

வெளிச்சத்துக்குள் முதலில் இரண்டு சின்னச் செருப்புகள் வந்தன. பிறகு பள்ளிக்கூடப் பை, கழுத்தில் தண்ணீர் பாட்டில், வேர்த்து ஒட்டிய முடி, அதன் கீழே மகளின் முகம். "நீ வாறதுக்கு ரொம்ப நேரம் ஆவுதும்மா" என்றாள் அமலி. "அதான் நானே பொறப்பட்டு வந்துட்டேன்." ஜெசிந்தா அப்படியே தரையில் உட்கார்ந்து, பிள்ளையை இழுத்து, காலிலிருந்து தலைவரைக்கும் தடவித் தடவிப் பார்த்து, சத்தம் போட்டு அழுதாள். அம்மா எதற்கு அழுகிறாள் என்று அமலிக்குப் புரியவில்லை. கால் வலிக்கிறது, மிச்சம் பிஸ்கட் இருக்கிறது, உனக்கு வேண்டுமா என்று கேட்டாள்.

தூரத்தில் அலோசியஸின் குரல் அமலியைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தது. பிள்ளை எங்கே போய்விட்டாளோ என்று வெறுங்காலோடு ஓடி வந்துகொண்டிருந்தான். அவன் வரும் வரைக்கும் தாயும் மகளும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குரலுக்குக் குரல் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் எண்ணினார்கள். வந்து சேர்ந்ததும் பிள்ளையின் தலையைத் தொட்டுப் பார்த்தான். இந்தத் தூரம் எப்போதும் இப்படியே இருந்ததில்லை என்பது ஓடும்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்திருந்தது, பயம் அவன் முகத்தில் புதிதாக, பழக்கமில்லாமல் உட்கார்ந்திருந்தது. மூன்று பேரும் பெட்டியை நடுவில் வைத்து, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா நாலு திருகாணியையும் கழற்றினாள், மூடி அவள் கையை உதறிவிட்டு எழும்பியது, அவள் பிள்ளையின் முகத்தைத் தன் வயிற்றில் அழுத்திக்கொண்டு, டிஸ்க்கைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

முதலில் காதடைத்தது. பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் வீடு வந்தது, வாசல் ஒரு பக்கமும் அடுப்படி ஒரு பக்கமுமாக வந்தது, தூரத்தில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வருவதை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள், சுண்ணாம்புக் கோடும் தோரணமும் கருவாட்டு வாடையும் நடந்தவர்களின் காலடிச் சத்தமும், இத்தனை மாதமாக அவள் கூப்பிட்ட எல்லாக் கூப்பாடுகளும் காதை உரசிக்கொண்டு போய் அந்த மூலைக்குள் இறங்கின, டீக்கடை பெஞ்சு முழங்கையில் இடித்துவிட்டுப் போனது. எல்லாம் அடங்கியபோது, பிலோமினாள் அக்கா வாசலில் நின்று ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தது பக்கத்தில் கேட்டது. அடுப்பில் அலோசியஸ் வைத்துவிட்டு வந்த பால் வற்றி அடிப்பிடித்துக் கருகியிருந்தது.

உள்நடையை ஜெசிந்தா எட்டு வைத்து அளந்தாள். ஏழு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு எட்டுதான் இருந்தது. மறுபடியும் அளந்தாள், ஆறுதான். அலோசியஸ், அது எப்போதும் ஆறுதானே என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டான்.

கல்யாணம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது, பந்தி நாலு முறை போட வேண்டியிருந்தது, ரசம் பற்றாக்குறை. நடக்கிறவர்கள் லாரிகளுக்கு நடுவே நடந்தார்கள். டீக்காரர் தன் பெஞ்சைப் பற்றி அவ்வப்போது கேட்பார். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை, ஆனால் பிள்ளைகளைக் கூப்பிட்டுவிட்டுப் பதில் வரும் வரைக்கும் அந்தத் தெருவில் இப்போதும் யாரும் அடுத்த வேலையைத் தொடுவதில்லை. ஜெசிந்தா இரண்டாவது டிஸ்க்கைக் கைப்பையில் போட்டாள். பத்து நாள் கழித்துப் பாரதீப் போக வேண்டி வந்தபோது, மூடியைப் போடுவதற்கு முன்னால் முகைதீன் செய்வது போல விரலை விட்டுப் பார்த்தாள், தாராளமாக இருந்தது. அமலியும் தன் விரலை விட்டுப் பார்த்தாள். எடுக்கச் சொல்லும் வரை எடுக்கவில்லை.

பாரதீப்பில் வெயில் சுள்ளென்று அடிக்கும் பதினொரு மணிக்கு, லாட்ஜ் மேஜையில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள், "சாப்ட்டேம்மா" என்று உடனே வந்தது. சந்தோஷத்தில் கண் கலங்கியது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வேலையைத் தொடங்கும் முன்னால், புதிதாக ஒட்டிக்கொண்ட வழக்கத்தில் ஆள்காட்டி விரலை அந்த மூலைக்குள் விட்டாள். உள்ளே கதகதப்பாக இருந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாகப் போனது, உள்நடையில் குறைந்த அந்த ஓர் எட்டு இங்கே வந்து கிடக்கிற மாதிரி. அப்போது அந்தப் பக்கமிருந்து ஒரு சின்ன விரல், பிஸ்கட் தூள் ஒட்டிய விரல், அவள் விரலைக் கொக்கி போட்டுப் பிடித்தது.

போனில் அமலியின் மூச்சு மட்டும் கேட்டது. ஜெசிந்தாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. விரலை மட்டும் அவள் எடுக்கவில்லை.